விமானத்தை யாரும் கூவி ஏற்றுவதில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் அப்பா வாங்கிக் குவித்திருக்கும் நான்கு பெட்டிகளும் சுகம். அங்கே நீயும் நீ ஆராய்ச்சி செய்யும் மண்ணும் மண்ணுக்குள் குடியிருக்கும் உன் கிருமிகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் பேசி நீ எப்போது கேட்டிருக்கிறாய் சொல். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அப்பா நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், பின்னாலிருந்து நான் சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுப்பதற்குள் உங்கள் இருவருக்கும் பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு வாயில் வருவது குறைவு, கையில் வருவது அதிகம். செய்தியாக அனுப்பலாம் என்றால் என் போன் என்னிடம் இருந்தால்தானே, டிக்கெட் விலை பார்க்க உன் அப்பாவுக்கு இரண்டு போன் தேவைப்படுகிறது. ஆகவே மதிய இடைவேளையில் அலுவலகத்தில் தண்ணீர் வரி ரசீதுக் கட்டுகளுக்கு நடுவே டிபன் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். பக்கத்து மேசைப் பெண் இதைப் படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். படித்த பிறகு அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது. ஏன் என்பது படித்தால் தெரியும்.

உன் பட்டமளிப்பு அழைப்பு வந்து ஏழு வாரம் ஆகிறது. வந்த அன்று அப்பா அதைப் பிரதி எடுத்துக்கொண்டு தெருவில் யார் யார் அகப்பட்டார்களோ அத்தனை பேரிடமும் காட்டினார். என் மக டாக்டர், ஆனா ஊசி போட மாட்டா என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தார், அப்படியும் மருந்துக்கடைக்காரர் தன் முழங்கால் வலிக்கு உன்னிடம் என்ன மாத்திரை என்று கேட்டுச் சொல்லச் சொன்னார், மண்ணுக்கு என்ன உரம் போடலாம் என்று வேண்டுமானால் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், அதாவது மனதுக்குள் சொன்னேன். அன்றைக்கு விமான டிக்கெட் நாற்பத்திரண்டாயிரம். வாங்கிவிடலாமே என்று நான் முனகினேன். உன் அப்பா சிரித்தார் பார், பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து வண்டி அனுப்பியவரின் சிரிப்பு. "எந்த வண்டியாவது காலி சீட்டோட கிளம்பி நீ பாத்திருக்கியா? கிளம்புற நேரத்துல கண்டக்டர் கீழ இறங்கி நின்னு கூவுவான். பாதி காசு குடு, ஏறு ஏறுன்னுவான். பிளேன்காரனுக்கு மட்டும் காலி சீட்டை ஓட்டிட்டுப் போகணும்னு வேண்டுதலா?" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அவர் சொல்வதெல்லாம் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும், அதனால்தானே இருபத்தெட்டு வருஷமாக நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

மறுநாளே சமையலறைச் சுவரில் ஒரு சிலேட்டு ஏறியது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், நான் கரண்டி மாட்டும் ஆணியில். என் கரண்டிகள் எல்லாம் இப்போது வாளியில் கிடக்கின்றன. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் விலை எழுதுகிறார், பழைய வேலையில் புறப்பாடு, வருகை என்று எழுதிய அதே சாய்ந்த கையெழுத்து. விலை ஏறினால் காபியில் சர்க்கரை இல்லை என்பார், இறங்கினால் அதே காபியை நன்றாக இருக்கிறது என்று குடிப்பார். மூன்றாவது வாரம் இருவர் பாஸ்போர்ட்டிலும் விசா முத்திரை விழுந்து வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு விலை முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. சாகும்வரை எனக்கு அந்த எண் மறக்காது. நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று இப்போ வாங்கிடலாங்க என்றேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, பக்கத்தை மூடினார். "இப்ப பாரு, நாலு எட்டு நடந்தா கூப்பிடுவான்" என்றார். காய்கறிக்காரரிடம் பேரம் பேசிவிட்டு வேண்டாம் என்று நடப்பாரே, அந்த நடை. நிஜமாகவே எழுந்து வாசல் வரை நடந்தார். நின்றார். கொஞ்சம் திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. திரும்ப வந்து திறந்தபோது நாற்பத்தாறு. கம்ப்யூட்டருக்கு நாலு எட்டு நடக்கிற மனுஷனைத் தெரியவில்லை பாவம்.

அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாம்தான் வாங்கப் போகிறோம் என்று அதற்குத் தெரிந்துபோய்விட்டதாம், ஆசையைக் காட்டிவிட்டோமாம். அன்றிலிருந்து போனைத் திறந்தால் வீட்டில் கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும். போன வாரம் நான் உன் புடவை ஒன்றை எடுத்து, இதை அவளுக்குக் கொண்டு போகலாமா என்று சாதாரணமாகக் கேட்டேன், உன் அப்பா உதட்டில் விரலை வைத்து, "மெதுவா பேசு, போறது உறுதின்னு தெரிஞ்சா ஏத்திடுவான்" என்றார். பிறகு நம் முகம் தெரியாத போனாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரரின் போன், எதிர்வீட்டு அம்மாளின் போன், பால் போட வருகிறவரின் போன். இதனால் பால்காரருக்கு இப்போது நாள் முழுக்க உன் ஊருக்குப் பறக்கச் சொல்லி விளம்பரம் வருகிறதாம், "அண்ணே, ரெண்டு பாக்கெட் பால் போடுற எனக்கு எதுக்குண்ணே இது?" என்று நேற்றுக் காலை வாசலில் நின்று கேட்டார். எத்தனை போன் மாற்றினாலும் விலை என்னவோ ஏறிக்கொண்டே போனது. ஐம்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, அறுபத்து மூன்று. சிலேட்டில் இடம் போதாமல் இப்போது ஓரத்தில் எழுதுகிறார்.

இந்தச் சமயத்தில்தான் உன் மைல் மாமாவைக் கலந்து ஆலோசித்தார். என் கூடப் பிறந்தவன்தான், சொல்லக் கூடாது, சொல்கிறேன். பம்பு உதிரிப் பாகம் விற்க மாதம் நான்கு முறை பறக்கிறானே, பறக்கிற தூரத்துக்கு மைல் என்று புள்ளி போட்டு விமானக் கம்பெனி கொடுத்த அந்தத் தங்க நிற உறுப்பினர் அட்டையைப் பையில் தொங்கவிட்டுக் கொண்டுதான் காய்கறி வாங்கவே போகிறான். போன வருஷக் கடைசியில் அவன் செய்த காரியம் உனக்குத் தெரியாது, உன் அத்தை என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். அந்தத் தங்க அட்டை கையை விட்டுப் போகாமல் இருக்க இன்னும் கொஞ்சம் மைல் குறைந்ததாம். வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு ஆளையும் தெரியாத ஒரு ஊருக்குப் பறந்து போய், விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்காமல், அட்டைக்காரர்களுக்கான அறையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து ஓசிப் பலகாரம் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, அதே விமானத்தில் திரும்பி வந்தான். வந்து மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அட்டை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அவன் வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மாமா, காசு குடுத்து டிக்கெட் வாங்குறவன் ஏமாளி. எல்லாம் பாயின்ட்ல முடிச்சிடலாம்" என்றான். உன் அப்பாவுக்குக் கண் மலர்ந்துவிட்டது. வங்கி அட்டை ஒன்று எடுத்தார்கள். அதில் பொருள் வாங்கினால் மைல் ஏறுமாம். பெட்டி வாங்கினால் இரட்டை மைல் என்றதும் ஒன்றுக்கு நான்காகப் பெட்டி வந்தது. ஒன்றில் போர்வை, ஒன்றில் வெங்காயம், ஒன்றில் இன்னொரு பெட்டி. நின்ற இடத்திலேயே ஓடும் இயந்திரம் ஒன்று வந்து கூடத்தில் நிற்கிறது, அதில் அப்பா இதுவரை ஓடியது பதினோரு நிமிஷம், நான் ஈரத் துண்டு காயப்போடுவது தினமும். இவ்வளவும் வாங்கி ஏறிய புள்ளிகளுக்கு என்ன கிடைக்கும் என்று அந்த வெகுமதிப் பட்டியலில் நானே தேடிப் பார்த்தேன், ஒரு மடக்குக் குடையும் ஒரு கைவிசிறியும் கிடைக்கும். இதை மாமாவிடம் காட்டினால் அவனுக்குக் கோபம் வருகிறது. "அக்கா, மைலைக் குடையில போடக் கூடாதுக்கா. ஒரு லட்ச ரேட்டு சீட்டுல போட்டா எண்பதாயிரம் மிச்சம்" என்கிறான். அந்த எண்பதாயிரம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. ஒரு லட்சத்துக்கு நாம் எப்போது சீட்டு வாங்கினோம்? வாங்கவே போகாத பொருளில் மிச்சம் பிடிக்க என் தம்பியால் மட்டும்தான் முடியும் என்று நினைத்தேன், அப்புறம் உன் நினைவு வந்தது.

கோபித்துக்கொள்ளாதே. நீயும் உன் அப்பாவுக்குப் பிறந்தவள்தான். நான்கு வருஷமாக நீ வீட்டுக்கு வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் வராததற்குக் காரணம், அம்மா அப்பா ரெண்டு பேரையும் கால் நீட்டிப் படுக்கிற சீட்டில் அழைத்துவர மைல் சேர்க்கிறேன் என்பது. யாரடி கால் நீட்டக் கேட்டது? என் உயரத்துக்கு எந்தச் சீட்டிலும் கால் நீட்டலாம். நீ மாநாட்டுக்குப் போகும்போதெல்லாம் நேர் விமானத்தை விட்டுவிட்டு மைல் வருகிறதென்று மூன்று விமானம் மாறி, நாற்காலியில் தூங்கி, ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு போவதை நீ சிரித்துக்கொண்டே சொல்கிறாய், நான் இந்தப் பக்கம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் உன் விமான நிறுவனம் இலவச டிக்கெட்டுக்கு வேண்டிய மைலை ஒரே நாளில் ஏற்றிவிட்டதாகச் சொன்னாயே, நான்கு வருஷம் சேர்த்தது இரண்டு பேருக்கு என்று இருந்தது ஒரு ஆளுக்குக்கூடக் காணவில்லை என்று. அன்றைக்கு உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். உடனே, பரவாயில்லம்மா, மேடையில அஞ்சு நிமிஷம்தான், வீடியோவில நல்லாவே தெரியும் என்றாய். ஆனால் அந்த மண்டபத்தின் படத்தை இரண்டு முறை அனுப்பினாய். இரண்டாவது படத்தில் நம் இரண்டு நாற்காலியையும் வட்டம் போட்டிருந்தாய். வருவதில்லை என்றால் பத்து நாள் முன்பு சொன்னால் போதும், வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று கீழே எழுதியிருந்தாய். ரசீதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவள் நான், வட்டத்தைப் பார்க்காமல் இருப்பேனா.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பாவும் மாமாவும் உட்கார்ந்து, உன் மைல், அப்பா மைல், மாமாவின் பழைய மைல் கொஞ்சம், எல்லாவற்றையும் ஒரு கணக்கில் ஊற்றினால் ஆகும் என்று கூட்டிப் பார்த்து, ஒரு வழியாக இரண்டு இலவச டிக்கெட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உனக்கு அப்போது நடுச்சாமம், நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுந்ததும் உன்னிடம் மைல் கேட்கலாம் என்றார்கள். உன் அப்பா கைதட்டினார். இலவசம் என்றால் வரி மட்டும் ஆளுக்கு இருபத்தேழாயிரம், மூன்று ஊரில் மாற வேண்டும், மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம். இதெல்லாம் போகட்டும். நான் மெல்ல எட்டிப் பார்த்து, என்னிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டேன். பட்டமளிப்புக்கு மறுநாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உன் மாமா, "அக்கா, ஓசி டிக்கெட்ல தேதியெல்லாம் பாக்கக் கூடாதுக்கா" என்றான். உன் அப்பா, "ஒரு நாள்தானே? பட்டம் எங்க ஓடிடப் போகுது, கையிலதான வச்சிருப்பா" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை, சொல்லும்படியாக அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கியதில்லை. கல்யாணமான வருஷம் நான் அஞ்சல் வழியில் படித்துத் தேறினேன். பட்டமளிப்பு விழா மாதத்தின் கடைசி நாள், தலைநகரத்தில். பேருந்தில் போக எட்டு மணி நேரம். உன் அப்பாவுக்கு வேலையில் குடும்பத்துக்கான இலவசப் பாஸ் உண்டு, ஆனால் புதிய பாஸ் மறுநாள் முதல் தேதியிலிருந்துதான் செல்லும். "ஒரு நாள்தானே? காசு குடுத்து எதுக்குப் போகணும், ஒண்ணாந்தேதி ஓசியில போகலாம். பட்டம் எங்க ஓடிடப் போகுது" என்றார். நான் சரி என்றேன். முதல் தேதி கிளம்பி இரண்டாம் தேதி காலையில் போய்ச் சேர்ந்தோம். ஓசியில்தான் போனோம். மண்டபம் பூட்டியிருந்தது. வெளியே ஒரு ஆள் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். சான்றிதழ் எங்கே என்று கேட்டோம், தபாலில் வரும் என்றான். வந்தது. தபால்காரர் கதவிடுக்கில் நுழைக்க வசதியாக இரண்டாக மடித்திருந்தார், மடிப்பு சரியாக என் பெயரின்மேல் விழுந்திருந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது, நீ சிறு வயதில் அதை எடுத்து விமானம் செய்யப் பார்த்தாய்.

ஆகவே திங்கட்கிழமை அலுவலகம் முடிந்ததும் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற டிக்கெட் அலுவலகத்துக்குப் போனேன். படி ஏறினேன். கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்பி இறங்கினேன். இறங்கினால் கீழே ஜெராக்ஸ்காரர் என்ன வேணும் என்று கேட்டுவிட்டார், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அடையாள அட்டையை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செவ்வாயும் அப்படியே, இன்னும் இரண்டு பிரதி. நான் நாள் முழுக்க ஒரு கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து தண்ணீர் வரி வாங்குகிறவள்தான், இருந்தும் கவுண்டருக்கு வெளியே நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. புதன்கிழமை என்ன வேண்டும் என்பதை அலுவலகத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், தேதி, ஊர், இரண்டு நாள் முன்பே போய்ச் சேர வேண்டும், ஒரு தடவைக்கு மேல் மாறக் கூடாது. படி ஏறிக் கதவைத் திறந்து அங்கே இருந்த பெண்ணிடம் தாளை நீட்டினேன். அவள் படித்துவிட்டு நிமிர்ந்து, "மேடம், நீங்க பேசலாம், நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்" என்றாள். உன் வயதுதான் இருக்கும். சிரித்துவிட்டேன், அதற்கப்புறம் கொஞ்சம் பேச்சு வந்தது.

எழுபத்தோராயிரம் என்றாள். ஏழு வாரத்தில் சிலேட்டு பார்க்காத உச்ச விலை. இன்னும் ஒன்பது மணி நேரம் நடுவில் காத்திருந்தால் எட்டாயிரம் குறையும் என்றாள், வேண்டாம் என்றேன். மைல் நம்பர் இருந்தால் குடுங்க மேடம், பாயின்ட் ஏறும் என்றாள், "வேணாம்மா, ஏறின வரைக்கும் போதும்" என்றேன். கடைசியில் தயங்கித் தயங்கி, "இது ஒரு தடவ வாங்கினா திருப்பியே குடுக்க முடியாத டிக்கெட், பரவாயில்லையா?" என்று கேட்டாள். "அதுதான் வேணும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உன் அப்பாவோடு குடித்தனம் செய்திருந்தால் விளங்கும். பணத்துக்கு நீ கவலைப்படாதே, மேல்வரிசையில் போன பல்லுக்குப் பதில் பல் கட்ட எடுத்து வைத்திருந்தேன் அல்லவா, அதுவும் அலுவலகத்தில் வாங்கிய முன்பணமும். வாயைத் திறக்காதவளுக்குப் பல் எதற்கு அவசரமாக.

வீட்டுக்கு வந்தேன். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மாலை ஆறு மணிக்கான கட்டம் காலியாக இருந்தது. சாக்குக் கட்டியை எடுத்து, எழுபத்தோராயிரம், ஒன்று, வாங்கியாச்சு என்று எழுதி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். துண்டோடு வந்து நின்று படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தார். யாருக்கு என்றார். எனக்கு என்றேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அன்னிக்கு அந்த ஆளு நாற்காலி அடுக்கிட்டு இருந்தான், ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்குக் குழாய்ச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவருக்கும் ஞாபகம் இருக்கும் என்று இருபத்தெட்டு வருஷத்தில் எனக்குத் தெரியாது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் சீட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதுக்குத்தான் எழுபத்தொண்ணு" என்றார், பழைய ஆளாகிவிட்டார்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா. நான் டிக்கெட் வாங்கிய மறுநாளே நான்கு பெட்டிகளில் சின்னதை எடுத்து அதிலிருந்த வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டுத் தன் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று சட்டை, உன் பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கிய கோட்டு, பொத்தான் போடாவிட்டால் இன்னும் பொருந்துகிறது. என்ன இது என்றேன். "உன்னை ஏத்திவிட வரேன். எதுக்கும் பெட்டியோட வரேன். பாஸ்போர்ட்டு சட்டைப் பையில இருக்கும். கிளம்புற நேரத்துல ஒரு சீட்டு காலி இல்லாமலா போயிடும்? கூப்பிட்டா ஏறிக்க வேண்டியதுதான்" என்றார். மருந்துக்கடைக்காரரிடமும் பால்காரரிடமும் சொல்லிவிட்டார், பாருங்க, இவ எழுபத்தொண்ணு குடுத்த அதே வண்டியில நான் இருபதுக்குப் போறேன்னு. அந்தப் பெட்டி முழுக்க வெங்காய வாசனை, உன் மண்டபத்தில் உன் பேராசிரியர்களுக்குப் பக்கத்தில் அவரை எப்படி உட்கார வைப்பது என்று யோசித்து வை.

ஆம், உட்கார வைக்கத்தான் வேண்டும். நான் வாங்கியது ஒரு டிக்கெட் இல்லை, இரண்டு. இரண்டாவது டிக்கெட் என் கைப்பையில் நான்கு ஜெராக்ஸ் பிரதிக்கு நடுவில் இருக்கிறது. சிலேட்டில் ஒன்று என்று எழுதியது பொய், உனக்கு நான் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றுக்கும் மாறாகப் பொய். அவரிடம் சொன்னால் பணம் திரும்பி வராது, ஆனால் வழி முழுக்க அந்தச் சீட்டில் முள்மேல் உட்கார்ந்த மாதிரி வருவார், நீ மேடை ஏறும்போதும் எழுபத்தொண்ணு எழுபத்தொண்ணு என்று பக்கத்து ஆளிடம் புலம்புவார். அதுமட்டுமில்லை. ஏழு வாரமாக மூன்று வேளையும் அந்தச் சிலேட்டிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறார், ஒருமுறை அவர் ஜெயிக்கட்டுமே என்று எனக்குத் தோன்றிவிட்டது. முப்பது வருஷம் மற்றவர்களை வண்டி ஏற்றிவிட்ட மனிதரை ஒருநாள் யாராவது கூப்பிட்டு ஏற்றக் கூடாதா.

விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு எடுத்து அவரைப் பெட்டியோடு உள்ளே ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நான் மட்டும் வரிசையில் போய் கவுண்டர் பெண்ணிடம் இரண்டு டிக்கெட்டையும் காட்டப் போகிறேன். அப்புறம் திரும்பி நின்று, அத்தனை ஜனத்துக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு சீட்டு இருக்கு, கிளம்பப் போகுது, ஏறு ஏறு!" என்று கூவப் போகிறேன். சிரிக்காதே. மூன்று நாளாக அப்பா வெளியே போகிற நேரம் பார்த்துக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பழகுகிறேன். முதல் நாள் எனக்கே கேட்கவில்லை. இன்று காலை எதிர்வீட்டு அம்மாள் என்னாச்சு என்று ஓடி வந்தாள். மேல்வரிசையில் பல் இல்லாததால் காற்று கொஞ்சம் போகிறது, மற்றபடி சத்தம் வருகிறது. அவர் ஓடி வருவார், பார். எவ்வளவு என்று கேட்பார். இருபது என்று சொல்லிவிடுவேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியட்டும்.

அந்த இரண்டு நாற்காலியையும் யாருக்கும் கொடுத்துவிடாதே. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடு, மேடையில் போடுகிற அங்கியை இப்போதே வாங்கி இஸ்திரி போட்டு மாட்டிவை, கடைசி நாளில் எல்லோருடையதும் ஒரே மாதிரி கசங்கியிருக்கும். உன் பட்டத்தை வாங்கியதும் சுருட்டாதே, தட்டையாகவே வைத்துக்கொண்டு கீழே இறங்கி வா, நான் ஒரு அட்டைப் பெட்டி கொண்டு வருகிறேன். இருக்கிற மைலில் நீயே ஒருமுறை வீட்டுக்கு வந்து போ, குறைகிற மைலுக்குக் காசு கொடு, நேர் விமானத்தில் வா. எங்களை அழைக்க வரும்போது அப்பாவைப் பார்த்ததும் எவ்வளவுப்பா ஆச்சு என்று கேள். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேள்.

நீ நீடு வாழ்ந்து, உன் கிருமிகளும் பெருகி, பெயரும் புகழும் பெற என் ஆசிகள். கடிதத்தைப் படித்ததும் படத்தை அழித்துவிடு, அப்பா உன் போனையும் விலை பார்க்கக் கேட்பார்.

என்றும் உன்மேல் அன்புள்ள,
அம்மா
(இருக்கை எண் முப்பத்தொன்று ஏ, ஜன்னல்; பக்கத்தில் முப்பத்தொன்று பி-யில் யார் என்று எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்)